பிரான்சின் காலிச் சாலைகள்: வரைபடத்தின் வெள்ளைக் கோடுகளைச் சைக்கிள்காரர் படிப்பது எப்படி?

பிரான்சின் ஐரோப்பிய நிலப்பரப்பு ஏறத்தாழ ஐந்தரை லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் ஓடும் சாலைகளின் நீளம் பத்து லட்சம் கிலோமீட்டருக்கும் அதிகம். அதிவேகச் சாலைகளையும் தேசிய நெடுஞ்சாலைகளையும் கூட்டினால் இருபதாயிரம் சொச்சம்தான் வரும். மாவட்ட நிர்வாகங்களின் பொறுப்பில் சுமார் 3.8 லட்சம், ஊர் மன்றங்களின் பொறுப்பில் சுமார் 7 லட்சம். லாரியும் அவசரக் காரும் அந்த இருபதாயிரத்தையும், அதை ஒட்டிய சில மாவட்டச் சாலைகளையும் பிடித்துக்கொண்டு போய்விடுகின்றன. மிச்சம் சைக்கிள்காரருக்கு.

மணிக்கு நாலைந்து கார்கூட வராத நல்ல தார்ச்சாலை அங்கே விளம்பரப் படத்துக்காகத் தேடிப் பிடித்த இடமல்ல, நாட்டின் பெரும்பகுதி அப்படித்தான். ஆனால் சாலை மாறி ஏறிவிட்டால் 44 டன் லாரி முழங்கையை உரசிக்கொண்டு போகும். இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே பல இடங்களில் ஒரு கிலோமீட்டர் இடைவெளிகூட இருக்காது. எந்தச் சாலை ஏன் காலியாகக் கிடக்கிறது என்ற காரணம் பிடிபட்டால், போகாத ஊரிலும் வரைபடத்தைப் பார்த்தே வழி வகுத்துவிடலாம்.

சாலை இருக்கிறது, ஆள் இல்லை

1789 புரட்சியின்போது, பழைய தேவாலயப் பங்குகளின் எல்லைகளை ஒட்டியே ‘கம்யூன்’ என்ற ஊர் மன்றங்கள் அமைந்தன. இன்றும் அவை 35,000 போல இருக்கின்றன. பாதிக்கு மேல் 500 பேரைக்கூடத் தாண்டாதவை. 1836 மே 21 சட்டம் ஊர்ச் சாலைகளைப் பராமரிப்பதை இந்த மன்றங்களின் கட்டாயக் கடமையாக்கியது. காசில்லாத ஊர், ஆண்டுக்கு மூன்று நாள் வரை மக்களின் உடலுழைப்பைக் கேட்டு வாங்கிச் சாலை போடலாம் என்று அதில் இடமிருந்தது. பக்கத்து ஊருக்கு, சந்தைக்கு, ஆலைக்கு, கல்லறைக்கு என்று நாலாபக்கமும் சாலை கிளம்பியது அப்படித்தான். வளைவும் நெளிவுமாக அவை ஓடுவதற்குக் காரணமும் அதுவே: மாட்டுவண்டிக்கும் நிலத்தின் எல்லைக்கும் ஏற்பப் போட்ட தடம் பிறகு தாராக மாறியது.

அப்புறம் ஜனம் பட்டணத்துக்குப் போய்விட்டது. மத்திய பிரான்சின் க்ரூஸ் மாவட்டத்தில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் 2.8 லட்சம் பேர், இன்று 1.2 லட்சத்துக்கும் குறைவு. வடகிழக்கில் பெல்ஜிய எல்லைப் பக்கமிருந்து தென்மேற்கே லாந்த் காடுகள் வரை இறங்கும் இந்த ஆள் குறைந்த பட்டைக்கு ‘வெறுமையின் மூலைவிட்டம்’ என்றே அங்கே பெயர். ஆள் போனாலும் சாலையை மூட முடியாது. கோடியில் ஒரே ஒரு பண்ணை வீடு இருந்தாலும் தபால்காரரின் மஞ்சள் வேன் போயாக வேண்டும், பள்ளி வாகனம் வந்தாக வேண்டும். மூன்று வீட்டுக்காகப் பராமரிக்கப்படும் தார்ச்சாலைதான் சைக்கிள்காரரின் சொர்க்கம்.

எண்ணைப் பார்த்தே எடை போடலாம்

பிரெஞ்சுச் சாலைக்குப் பெயர்ப்பலகையின் நிறமே பாதி சேதி சொல்லும். ‘என்’ என்ற எழுத்தோடு சிவப்புப் பட்டை என்றால் தேசிய நெடுஞ்சாலை. மஞ்சளும் ‘டி’யும் மாவட்டச் சாலை. வெள்ளையும் ‘சி’யும் ஊர் மன்றச் சாலை. பச்சை என்றால் காட்டுச் சாலை. ஓரத்தில் நிற்கும் கிலோமீட்டர் கல்லின் தலையிலும் இதே நிறங்கள்தான்.

சிக்கல் ‘டி’யில். 2006-இல் சுமார் 18,000 கி.மீ. தேசிய நெடுஞ்சாலைகளை அரசு மாவட்டங்களிடம் ஒப்படைத்தது. பலகையில் சிவப்பு போய் மஞ்சள் வந்ததே தவிர, லாரிப் போக்குவரத்து அப்படியே இருந்தது. பாரீஸிலிருந்து லியோன் போகும் பழைய என் 6, சோன்-எ-லுவார் மாவட்டத்தில் டி 906 ஆனது. என் 89 பல இடங்களில் டி 1089. என் 20 தெற்கே டி 820. பழைய எண்ணை உள்ளே ஒளித்துவைத்து முன்னால் ஓரிரண்டு இலக்கம் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். ஆகவே 800, 900 என்று தொடங்கும் மூன்று இலக்க எண்ணோ, நான்கு இலக்க எண்ணோ கண்டால் முதலில் சந்தேகப்படுவதே நல்லது. 117, 187 மாதிரி எண்கள் பெரும்பாலும் சாது. இது கைக்கணக்குதான், விதியல்ல; எண் வைப்பது அந்தந்த மாவட்டத்தின் விருப்பம், மாவட்ட எல்லை தாண்டினால் அதே சாலை வேறு எண்ணில் தொடரும்.

காகித வரைபடத்தில் இது இன்னும் சுலபம். மிஷ்லேன் நிறுவனத்தின் 1:2,00,000, 1:1,50,000 அளவுத் தாள்களில் சிவப்புக் கோடு முக்கியச் சாலை, மஞ்சள் அடுத்தது, வெள்ளை கடைசி. தேட வேண்டியது வெள்ளை. சாலை ஓரமாகப் பச்சைக் கோடு இழைத்திருந்தால் காட்சி நன்றாயிருக்கும் என்று பொருள். கார்காரர்களுக்கும் அதே தாள்தான் என்பதை மறக்க வேண்டாம், ஆகஸ்டில் பச்சைக் கோட்டு மஞ்சள் சாலையில் கூட்டம் இருக்கும். கோட்டின் குறுக்கே வரும் அம்புக்குறிகள் ஏற்றத்தின் திசையைக் காட்டுபவை: ஒன்று என்றால் 5 முதல் 9 சதவீதம், இரண்டு என்றால் 9 முதல் 13, மூன்று என்றால் அதற்கும் மேல். மூன்று அம்பு கண்ட இடத்தில் பின்சக்கரக் கியரில் 32 பல் இல்லாதவர் வேறு வழி பார்க்கலாம்.

கைப்பேசிச் செயலிகள் செய்யும் தவறு வேறு வகை. சைக்கிள் என்று சொன்னதும் காரில்லாத பாதையாகத் தேடும் ஆர்வத்தில் வயல் நடுவே டிராக்டர் தடத்தில் கொண்டுபோய் விடும். தயாரித்த வழியைச் செயற்கைக்கோள் படத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, சாம்பல் நிறம் மறைந்து பழுப்பு வரும் இடங்களை மாற்றிக்கொண்டால் போதும்.

ஒரே பள்ளத்தாக்கில் ஐந்து அடுக்கு

தென் பர்கண்டியில் மாக்கோனுக்கும் ஷாலோனுக்கும் நடுவிலுள்ள நாட்டுப்புறத்தை எடுத்துக்கொள்வோம். பாரீஸ்–லியோன் போக்குவரத்து முழுவதும் சோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் இறங்குகிறது. ஏ 6 அதிவேகச் சாலைக்குக் கட்டணம் உண்டு. கட்டணம் கொடுக்க மனமில்லாத லாரிகள் பக்கத்திலேயே போகும் டி 906-ஐப் பிடிக்கின்றன. கூடவே பழைய ரயில் பாதை. ஆற்றை ஒட்டி, ஒரு காலத்தில் படகைக் கயிறு கட்டி இழுத்துப்போன கரைப்பாதை; இப்போது அது ‘நீல வழி’ என்னும் நெடுந்தூரச் சைக்கிள் பாதையின் ஒரு துண்டு. மேற்கே மலைக்கு அந்தப் புறம் க்ரோன் என்ற சிற்றாற்றின் ஓரமாக, தண்டவாளம் எடுத்த இன்னொரு ரயில் பாதை சைக்கிள் வழியாகியிருக்கிறது. இதிலிருந்து ஒரு பாடம்: கட்டணச் சாலைக்குப் பக்கத்திலுள்ள பழைய நெடுஞ்சாலையை நம்பாதீர்கள், ஆனால் அதிலிருந்து ஒரு குன்று தள்ளிப் போனால் உலகமே அடங்கிவிடும்.

இந்த அடுக்குகளைக் கோத்தால் ஏறத்தாழ 100 கி.மீ. சுற்று ஒன்று கிடைக்கிறது. மாக்கோனை அடுத்த ஷார்னேயில், பழைய ரயில் தடத்தில் போட்ட ‘பசுமை வழி’ என்னும் சைக்கிள் பாதையில் ஏறி மேற்கே க்ளூனி வரை இருபது கி.மீ.க்குச் சற்று மேல். நடுவில் புவா க்ளேர் சுரங்கம்: ரயிலுக்காக மலையைக் குடைந்த 1,600 மீட்டர். உள்ளே விளக்கு உண்டு, கோடையிலும் குளிரும். வெளிச்சத்திலிருந்து நுழையும்போது கண் பழக அரை நிமிடம் ஆகும், முன்விளக்கும் மெல்லிய காற்றுத் தடுப்புச் சட்டையும் கையில் இருக்கட்டும். குளிர்காலத்தில் சுரங்கத்தை மூடிவிடுவார்கள், வௌவால்கள் அங்கே உறங்குவதற்காக. அந்த மாதங்களில் மேலே கணவாய் வழியாகப் பழைய சாலையில் ஏறி இறங்க வேண்டும். ஏற்றம் பெரிதில்லை, 400 மீட்டர் உயரத்தை ஒட்டிய கணவாய்தான். ஆனால் சமதளம் என்று நம்பிக் குழந்தைகளோடு வந்தவர்களுக்கு அது அதிர்ச்சி.

க்ளூனியில் ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டும். 910-இல் தோன்றிய மடம். 1088-இல் தொடங்கிய அதன் மூன்றாவது தேவாலயம், ரோமின் புனித பேதுரு ஆலயம் எழும்வரை கிறித்தவ உலகிலேயே பெரியது, நீளம் 187 மீட்டர். புரட்சிக்குப் பின் அதை விற்று, கல் கல்லாகப் பிரித்தெடுத்துவிட்டார்கள். இன்று நிற்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சுற்றியுள்ள ஊர்ச் சுவர்களில் செதுக்கிய கல் ஒன்று திடீரென்று துருத்திக்கொண்டு நின்றால் வியப்பதற்கில்லை.

க்ளூனியிலிருந்து கோர்மத்தான் வரை பதினாலு கி.மீ. போல, மறுபடியும் பசுமை வழி. இடையில் தேஸே, 1940-இல் தொடங்கிய துறவு இல்லத்துக்குக் கோடையில் வாராவாரம் இளைஞர் கூட்டம் வரும், அந்த இடத்தில் பாதை முழுக்க நடப்பவர்கள். கோர்மத்தானில் பசுமை வழியை விட்டுவிட்டுக் கிழக்கே டி 14-இல் திரும்புங்கள். சாலைச் சைக்கிள்காரருக்கு உண்மையான விருந்து இங்கிருந்துதான். ஐந்து கி.மீ.யில் ஷப்பேஸ், 11-ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் மணிக்கூண்டு 35 மீட்டர் போல எழுந்து நிற்கிறது, ஊரோ கையளவு. பிறகு ஓக் மரங்களுக்கு நடுவே நூறு மீட்டருக்குச் சற்று மேல் உயரம் ஏறினால் பிரான்சியோன் கணவாய். கோட்டை, மரத்தூண் சந்தை மண்டபம், ரோமனெஸ்க் என்னும் இடைக்காலப் பாணிக் கோவில் எல்லாம் மலைமுகட்டில் ஒரு மதிலுக்குள். காரை வெளியே நிறுத்திவிட்டுத்தான் உள்ளே நடக்க வேண்டும். அதன்பின் தூர்னு வரை பெரும்பாலும் இறக்கம்.

தூர்னுவிலிருந்து மாக்கோனுக்குத் திரும்பும் முப்பது கி.மீ. சொச்சம் ஆற்றங்கரையில். தட்டையான பாதை, ஆனால் தெற்குக் காற்று அடித்தால் ஒதுங்க ஒரு புதர்கூட இல்லாத இடங்கள் உண்டு. சோன் ஆறு குளிர்காலத்திலும் இளவேனிலிலும் கரைமீறும்போது பாதை நீரில் மூழ்கும். வடிந்தபின் படிந்திருக்கும் வண்டல், காயும்வரை சோப்பு மாதிரி வழுக்கும்.

தண்டவாளம் போன இடத்தில்

சுற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பசுமை வழி ஆனதால் அதைப்பற்றிக் கொஞ்சம். 1879 ஜூலையில் வந்த சட்டம், அமைச்சர் ஃப்ரெய்சினேயின் திட்டப்படி, நாட்டின் சிறு நகரங்களையெல்லாம் ரயிலில் இணைக்க எண்ணாயிரம் கி.மீ.க்கும் மேற்பட்ட கிளைப்பாதைகளைப் போடச் சொன்னது. லாபம் பாராமல் போட்ட பாதைகள். பேருந்து வந்ததும் காலியாயின. 1938-இல் ரயில்வே தேசியமானபின் ஒவ்வொன்றாகப் பயணி ரயில் நின்றது. இப்படி ரயில் நின்ற தடங்களில் ஒன்றைத்தான் 1997-இல் ஜிவ்ரிக்கும் க்ளூனிக்கும் நடுவே 44 கி.மீ. தூரத்துக்குத் தாரிட்டுத் திறந்தார்கள். பிரான்சின் முதல் பசுமை வழி என்ற பெயர் அதற்கு. ‘பசுமை வழி’ என்ற சட்டப் பெயர் போக்குவரத்து விதிகளில் ஏறியது 2004-இல். நீலச் சதுரப் பலகையில் மனிதர், சைக்கிள் படம் இருக்கும். எஞ்சின் வைத்த எதுவும் நுழையக்கூடாது.

ரயில் தடம் என்பதால் நூறு மீட்டருக்கு ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் ஏறாது. வெயிலில் மரநிழல். வழிதவற வாய்ப்பே இல்லை. குடும்பத்தோடு போக இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஆனால் மெல்லிய டயரில் 30 கி.மீ. வேகம் போகிறவருக்கு ஞாயிறு மதியம் இது சரிப்படாது. நடப்பவர், சக்கரச் செருப்பு மாட்டியவர், நாய்க்கயிறு, மூன்று சக்கரக் குழந்தை எல்லோருக்கும் சமபங்குள்ள பாதை. சாலை குறுக்கிடும் ஒவ்வொரு இடத்திலும் கார் நுழையாமலிருக்கத் தடுப்புக் கட்டை நட்டிருப்பார்கள். பொதுவாக வழிவிட வேண்டியவர் சைக்கிள்காரர்தான். முன்னால் போகிறவர் கட்டையைக் கைகாட்டி எச்சரிக்காவிட்டால் பின்னால் ஒட்டி வருபவர் நேரே மோதுவார். குழுவாகப் போனவர்கள் பசுமை வழியில் விழுவதற்கு முதல் காரணம் இந்தக் கட்டைதான். இரண்டாவது மரவேர். தாரை ஒரு விரல் உயரத்துக்குத் தூக்கிவிட்டிருக்கும், நிழலில் தெரியாது. மே மாத வாரநாள் காலை ஏழு மணிக்கு வந்தால் இதே பாதை உங்களுக்கு மட்டும்.

காட்டுக்குள்

காட்டுச் சாலைக்கு வேறு இலக்கணம். அல்லியே மாவட்டத்தின் த்ரோன்ஸே காடு இதற்கு நல்ல உதாரணம். பத்தாயிரம் ஹெக்டேருக்கும் மேல், பெரும்பாலும் ஓக். பதினாலாம் லூயியின் அமைச்சர் கோல்பேர், 1669-இல் காட்டுச் சட்டம் கொண்டுவந்த கையோடு, போர்க்கப்பலுக்கு மரம் வேண்டுமென்று இதைச் சீரமைக்க வைத்தார். ஓக் முற்ற இருநூறு வருஷம். மரம் தயாரானபோது கப்பல் இரும்பாகிவிட்டது. ஆகவே மரம் ஒயின் பீப்பாய்க்குப் போகிறது, இன்றும் நெருங்கிய ரேகையுள்ள த்ரோன்ஸே ஓக்குக்குப் பீப்பாய்த் தொழிலில் தனி விலை. காட்டைச் சுற்றி எரிஸோனின் இடிந்த கோட்டை, எனே-லெ-ஷாத்தோவின் பழைய ஊர்வாசல் என்று நிறுத்தங்களுக்குக் குறைவில்லை.

இத்தகைய காடுகளில் நேர்கோட்டுச் சாலைகள் நாலு, ஆறு, எட்டு என்று ஒரு வட்டத்தில் வந்து சேரும். ‘ரோன்’ என்பார்கள். நாய்களை விட்டு மான் வேட்டையாடிய பிரபுக்களின் ஏற்பாடு இந்த நட்சத்திர வடிவம். நடுவில் நின்று பார்த்தால் எட்டுக் கையும் ஒரே மாதிரி இருக்கும். வட்டத்தின் பெயர் எழுதிய கம்பத்தை முதலில் படியுங்கள், வந்த சாலையை ஆறு மணி என்று வைத்துக்கொண்டு கடிகார முறையில் எண்ணுங்கள். அடர்ந்த இலைக்கு அடியில் கைப்பேசி சிக்னலை நம்பிப் போகக்கூடாது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும்.

பலகைகளில் இரண்டைக் குழப்பிக்கொள்பவர் அதிகம். வெள்ளை வட்டம், சிவப்பு விளிம்பு, உள்ளே ஒன்றுமில்லை: எந்த வாகனமும் போகக்கூடாது, சைக்கிளும் வாகனம்தான். அதே வட்டத்துக்குள் காரும் மோட்டார் சைக்கிளும் வரைந்திருந்தால் தடை எஞ்சினுக்கு மட்டும். தாராளமாகப் போகலாம், இதைவிட நல்ல சாலை கிடைக்காது. வெற்று வட்டத்துக்குக் கீழே ‘சோஃப் சிக்ள்’ என்று எழுதியிருந்தால் சைக்கிளுக்கு விலக்கு. ‘சோஃப் ரிவரேன்’ என்றால் அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு.

இலையுதிர்காலத்தில் காடு அழகு, ஆபத்தும் அப்போதுதான். ஓக் கொட்டைகள் தாரில் பரவிக் கிடக்கும், 28 மி.மீ. டயருக்கு அடியில் அவை பேரிங் குண்டுகள். ஈர இலைக்கு அடியில் பாசி. வேட்டை பொதுவாக செப்டம்பரிலிருந்து பிப்ரவரி இறுதி வரை. கூட்டாகக் காட்டைக் கலைத்துச் சுடும் நாளில் சாலையோரம் ‘ஷாஸ் ஆன் கூர்’ என்ற பலகை வைப்பார்கள்: வேட்டை நடக்கிறது என்று பொருள். சாலை மூடியதாக அர்த்தமில்லை. ஆனால் கலைந்த காட்டுப்பன்றியும் மானும் பார்க்காமல் குறுக்கே பாயும். பளிச்சென்ற நிறத்தில் உடுத்திக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள், முடிந்தால் அந்தப் பகுதியையே விட்டுவிடுங்கள். வாரநாளில் மரம் ஏற்றிய லாரி மூலைச் சாலைகளிலும் வரும். அது கடந்த இடத்தில் சேறும் மரப்பட்டையும் மிஞ்சும்.

ஜல்லி என்னும் கோடைக்கால எதிரி

காலிச் சாலையில் கார் இடிப்பதைவிடச் சாலையே விழத்தட்டும் வாய்ப்பு அதிகம். மூலகாரணம் ‘க்ராவியோன்’ என்று பலகை வைத்த சிறு ஜல்லி.

போக்குவரத்துக் குறைந்த சாலைக்கு முழுத் தார்க்கலவை போட மாவட்டத்திடம் பணமில்லை. பதிலாக, பழைய பரப்பின்மேல் தார்க்குழம்பை ஒரு வண்டி தெளித்துக்கொண்டே போகும், பின்னாலேயே இன்னொரு வண்டி சிறு ஜல்லியைத் தூவும், உருளை ஓட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஜல்லியை அமுக்கிப் பதியவைக்கும் மீதி வேலை, போகிற வருகிற கார்களுடையது. குழம்பு இறுக வெப்பமும் ஈரமின்மையும் தேவைப்படுவதால் இது கோடை வேலை. அதாவது சைக்கிள்காரர் வரும் மாதங்களில். கார் அதிகமுள்ள சாலையில் சில நாளில் உபரி ஜல்லி ஒதுங்கிவிடும். ஒரு மணிக்கு நாலு கார் போகும் சாலையில் வாரக்கணக்கில் கிடக்கும். சாலை எவ்வளவு காலியோ அவ்வளவு நாள் ஜல்லி.

கிட்டத்தில் பார்த்தால் அது பரவிக் கிடக்கும் விதம் தெரியும். கார்ச்சக்கரம் ஓடும் இரண்டு பட்டைகள் சுத்தமாக இருக்கும். நடுவிலும் ஓரத்திலும் ஜல்லி வரப்பு மாதிரி சேரும். வளைவில் வெளிப்புறம் தள்ளப்பட்டு, கார் குறுக்கும் உள்மூலையிலும் கொஞ்சம் நிற்கும். ஆகவே சக்கரத் தடத்தை விட்டு விலகாமல், பிரேக்கை வளைவுக்கு முன்பே முடித்துவிட்டு, சைக்கிளைச் சாய்க்காமல் மெதுவாகத் திருப்ப வேண்டும். வளைவுக்குள் முன்பிரேக்கைத் தொட்டவர் கீழே. 35 டிகிரி வெயிலில் இதே சாலை வேறு வேடம் போடும்: தார் கசிந்து கறுப்பாக மின்னும், டயர் அதை ஒட்டி எடுத்து ஜல்லியையும் கவ்விக்கொள்ளும், சைக்கிள் சட்டகத்தில் டிக் டிக் என்று சத்தம் வரும். நிறுத்தித் துடைத்துவிட்டுப் போவது நல்லது. கவ்விய கல் சுற்றச் சுற்ற ரப்பருக்குள் இறங்கும்.

பழகிய பிறகும் இந்தப் பரப்பு சொரசொரப்பாகவே இருக்கும். அதே முயற்சிக்கு மணிக்கு ஒன்றிரண்டு கி.மீ. குறையும். அகலமான டயர்தான் மருந்து. 23 மி.மீ. டயரை வீட்டில் விட்டுவிட்டு 28 அல்லது 32 போடுங்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு காற்றழுத்தம் 28-இல் 5 பார், 32-இல் 4 பார் போலப் போதும். இன்னும் ஏற்றினால் வேகம் கூடாது, கைதான் மரத்துப்போகும்.

பங்க்சரின் பெருங்காரணம் வேலி. க்ளூனிக்கு மேற்கே வெள்ளை ஷாரொலே மாடு மேயும் நாடு முழுக்க முள்வேலிப் புதர்கள். பறவை கூடு கட்டும் மாதங்களில் விவசாயிகள் அதை வெட்டக்கூடாது. தடை ஆகஸ்ட் நடுவில் முடியும். அதன்பின் டிராக்டர் கையில் மாட்டிய வெட்டுக்கருவி ஓரமாக நறுக்கிக்கொண்டே போகும், முள் சாலையில் சிதறும். பழுப்பு முள் பழுப்புத் தூசியில் கண்ணுக்குப் படாது. புதிதாக வெட்டிய வேலி தெரிந்தால் சாலை நடுவுக்கு வாருங்கள். செப்டம்பர், அக்டோபருக்கு உள்டியூப் இரண்டு, ஒட்டுத்துண்டு ஒரு பெட்டி. முள்ளைப் பிடுங்கச் சிறு இடுக்கியும் இருக்கட்டும், நகத்தால் வராது.

ஊருக்குள்

நாள் முழுக்க ஆளில்லாத சாலையில் வந்தவர் விபத்தில் சிக்குவது ஊர்ச் சந்தியில். பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வருபவருக்கே முன்னுரிமை. நீங்கள் பெரிய சாலையில் இருக்கலாம், அவர் மாட்டுக்கொட்டகைச் சந்திலிருந்து வரலாம். வழிவிட வேண்டியவர் நீங்கள். மஞ்சள் வைரப் பலகை கண்டால் உங்கள் சாலைக்கு முன்னுரிமை. அதே வைரத்தின்மேல் கறுப்புக் கோடு கிழித்திருந்தால் அது முடிந்தது. ஊருக்குள் நுழையும்போது பலமுறை முடியும்.

மற்றச் சட்டங்கள் சுருக்கமாக: இருவர் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டலாம், பின்னால் வண்டி முந்த வந்தால் ஒற்றை வரிசை. ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும் கார் ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும். காதில் ஒலிக்கருவிக்கு 135 யூரோ அபராதம். இரவிலும் மூட்டத்திலும் ஊருக்கு வெளியே ஒளிரும் மேற்சட்டை கட்டாயம்.

தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டம். கிண்டலில்லை, செடிக்கு ஊற்ற ஏறக்குறைய எல்லாக் கல்லறையிலும் குழாய் உண்டு. ‘ஓ நோன் பொத்தாப்ல்’ என்று எழுதியிருந்தால் தலையில் ஊற்றிக்கொள்ளலாம், குடிக்கக்கூடாது. ரொட்டிக்கடை காலை ஏழுக்குத் திறந்து மதியம் பன்னிரண்டரைக்குச் சாத்தினால் மூன்று, நாலு மணிக்குத்தான் மறுபடி. திங்கள் பல கடைகளுக்கு விடுமுறை, ஞாயிறு மதியத்துக்குப் பின் எதுவும் இல்லை. ஊர்ப்பெயர் வரைபடத்தில் கொட்டை எழுத்தில் இருப்பதால் கடை இருக்கும் என்று எண்ணி ஏமாறுபவர் பலர். பையில் எப்போதும் ஒரு வேளைச் சாப்பாடு இருக்கட்டும்.

‘பிரான்சின் மிக அழகான கிராமங்கள்’ என்ற சங்கம் 1982-இல் தொடங்கியது. 2,000 பேருக்கு மேற்படாத, பாதுகாக்கப்பட்ட சின்னங்களுள்ள ஊர்களுக்கு அந்தப் பட்டம் தருகிறது. பட்டம் வாங்கிய ஊரைப் பார்க்கலாம், ஆனால் காலை ஒன்பதுக்கு முன். பத்து மணிக்குச் சுற்றுலாப் பேருந்து வந்துவிடும். பட்டம் வாங்காத பக்கத்து ஊரில் அதே கல், அதே கோவில், ஒரு பூனை மட்டும்.

‘ருத் பாரே’, அதாவது சாலை மூடியது என்ற பலகைக்கு அஞ்சி உடனே திரும்ப வேண்டியதில்லை. காருக்கான மாற்றுவழி பத்துப் பதினைந்து கி.மீ. சுற்றும், பெரும்பாலும் நீங்கள் தவிர்க்க நினைத்த அதே மஞ்சள் சாலையில். பள்ளம் தோண்டியிருந்தால் தொழிலாளரிடம் கேட்டு உருட்டிக்கொண்டு கடக்கலாம். பாலம் பழுது என்றால் மட்டும் வழியில்லை.

போய்ச் சேர

பாரீஸின் லா ஷப்பேல் பக்கம் வசிக்கும் நம்மவர்களுக்கு இந்தச் சுற்று வார இறுதியில் எட்டும். ‘கார் து லியோன்’ ரயில் நிலையத்திலிருந்து மாக்கோன்-லோஷே வரை டிஜிவி என்னும் அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம் சொச்சம். அங்கிருந்து ஷார்னே சில கி.மீ.தான். எல்லா டிஜிவியிலும் சைக்கிள் இடம் கிடையாது, இருப்பதற்கு முன்பதிவும் கட்டணமும் உண்டு. சக்கரங்களைக் கழற்றி, அனுமதித்த அளவுள்ள உறைக்குள் அடக்கினால் பயணப்பையாகக் கொண்டுபோகலாம். உறையில் போடுமுன் பின்கியர் மாற்றியைக் கழற்றிச் சைக்கிள் சட்டகத்துக்குள் கட்டிவிடுங்கள், ரயிலில் மற்றவர் பெட்டி சாய்ந்து முதலில் வளைவது அதைத் தாங்கும் கொக்கிதான். அதில் ஓர் உபரி வாங்கி வைத்திருப்பது நல்லது. ஒவ்வொரு சைக்கிளுக்கும் கொக்கி வேறு, ஊர்ப்புறக் கடையில் உங்களுடையது இருக்காது.

மாக்கோன்-வில், தூர்னு, ஷாலோன் மூன்றும் பழைய பாதையின் உள்ளூர் ரயில் நிற்கும் நிலையங்கள். அதில் சைக்கிளைப் பிரிக்காமலே ஏற்றலாம். கால் தளர்ந்தாலோ ஆற்றங்கரை மூழ்கியிருந்தாலோ தூர்னுவிலேயே சுற்றை முடித்துக்கொண்டு ரயிலில் மாக்கோன் திரும்பலாம்.